ரெயூனியனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் 13 இலக்க எண்ணை நீங்களே சரிபாருங்கள்

கல்யாணமாகி காரைக்காலிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சென் ஆந்த்ரே ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் எனக்குப் பல் பிடுங்கினார்கள். அந்தச் செலவில் துணைக் காப்பீடு தர வேண்டிய பங்கு எட்டு மாதமாக வரவே இல்லை. நான்கு கடிதம் போட்டேன். ஐந்தாவது கடிதத்துக்காக, என்னிடம் இருந்த சான்றையும் அவர்கள் அனுப்பிய தாளையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. என் காப்பீட்டு எண்ணில் 223 என்று இருக்க வேண்டிய இடத்தில் 232 என்று இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த கடையின் கணக்கர் படிவத்தை நிரப்பும்போது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டார். அந்தப் படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். படிக்காமல் போட்டேன்.

செக்யூரித்தே சோசியால் (சமூகக் காப்பீட்டு) எண் என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்த எண் 13 இலக்கம் கொண்டது. அதன் வால்போல இரண்டு இலக்கச் சாவி ஒன்று இருக்கிறது. எண்ணில் தவறு நுழைந்தால் சாவி பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பேனாவும் இரண்டு நிமிடமும் போதும். இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கை என்று எங்கிருந்து புதிதாக வந்தாலும், முதலில் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. விமானம் ஏறுவதற்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

எண்ணில் வரும் பிழைகளில் பாதி ஊரிலேயே பிறந்துவிடுகின்றன. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பிறப்புச் சான்றிதழ்தான் அடித்தளம். அப்பா, அம்மா பெயர் இரண்டும் அதில் இருக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார் அட்டை எதுவும் இதற்கு ஈடாகாது. நம் பக்கத்தில் பள்ளியில் சேர்க்கும் வசதிக்காகப் பிறந்த தேதியை ஜூன் மாதத்துக்குத் தள்ளிய பெற்றோர் ஏராளம். பிறப்புச் சான்றிதழில் அக்டோபர், பாஸ்போர்ட்டில் ஜூன் என்று இருந்தால் இங்கே வந்து அவதிப்படுவீர்கள், ஏனென்றால் பிறந்த மாதம் எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இனிஷியல் போதும். பிரெஞ்சுக் கணினிக்குப் போதாது. ஒரு காகிதத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் உங்கள் பெயரே குடும்பப் பெயராகவும், மூன்றாவதில் கணவர் பெயரும் வந்து விழுந்தால், ஒரே ஆளுக்கு மூன்று கோப்பு உண்டாகும். இரண்டு கட்டமும் நிரம்பிய பாஸ்போர்ட்டோடு வருவதே நல்லது.

பிறப்புச் சான்றிதழிலும் திருமணச் சான்றிதழிலும் அப்போஸ்தில் முத்திரை (நம் காகிதம் வெளிநாட்டில் செல்ல அரசு இடும் முத்திரை) வாங்குங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்பதே வரிசை. அமைச்சகத்தின் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய். முகவர்கள் சேவைக் கட்டணமாக அதன்மேல் எவ்வளவோ கேட்பார்கள். நான் அவசரத்தில் ஒரு முகவரிடம் கொடுத்தேன். அந்தத் தொகையை எழுதினால் என் அப்பா இதைப் படித்துவிடுவார்.

மொழிபெயர்ப்பை ஊரில் செய்யாதீர்கள். பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரைதான் இங்கே செல்லும். சென் தெனியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது, அதன் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுவதால் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அப்போஸ்தில் முத்திரை விழுந்த பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள். முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு தடவை பணம் போகும். மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் பிறந்த தேதி, ஊர், பெயர் எழுத்துகள் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

2. விண்ணப்பமும் காத்திருப்பும்

வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டு உரிமை வேலை தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. வேலை இல்லாதவர்கள் பொதுவாக மூன்று மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தீவில் இதைப் பார்க்கும் அமைப்பின் முழுப் பெயர் சமூகக் காப்பீட்டுப் பொது நிதியகம். பேச்சில் அது வெறும் செக்யூ. நிரப்ப வேண்டிய படிவம் எஸ் 1106. அதனுடன் பாஸ்போர்ட், விசா அல்லது வசிப்பு அட்டை, பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், வீட்டு முகவரிச் சான்று, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் ரிப் தாள் (கணக்கு விவரத் தாள்) ஆகியவற்றை இணைக்க வேண்டும். நீண்டகால விசாவில் வந்தவர்கள் அதை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டால் மற்ற எல்லாமே நின்றுபோகும்.

படிவத்துக்கோ எண்ணுக்கோ கார்த் வித்தால் என்ற பச்சை மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கோ கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அவர் உங்களை ஏமாற்றுகிறார்.

நாள் ஏன் பிடிக்கிறது என்று தெரிந்திருந்தால் கோபம் குறையும். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்களுக்கு, அதாவது ரெயூனியனில் பிறந்தவர்களுக்கும், தேசியப் புள்ளியியல் நிறுவனம் எண் தருகிறது. வெளிநாட்டில் பிறந்த நம் காகிதங்கள் 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் பிரான்சின் தூர் நகரில் உள்ள ஒரு பிரிவுக்குப் போகின்றன. அங்கே பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே எண் உறுதியாகும். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. என்னோடு வந்த ஒரு குருக்கள் வீட்டாருக்கு, மொழிபெயர்ப்பில் ஒரு ஊர்ப்பெயர் பிசகியதால் ஒன்பது மாதம்.

அதுவரை ஒரு தற்காலிக எண் கிடைக்கும். அது 7 அல்லது 8 என்று தொடங்கலாம். அட்டை வராது, மருத்துவர் தரும் பழுப்புத் தாளைத் தபாலில் அனுப்பித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வையுங்கள். உறுதியான எண் வந்ததும், தற்காலிக எண்ணை யார் யாரிடம் கொடுத்திருந்தீர்களோ அவர்கள் அனைவருக்கும் நீங்களே புதிய எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். தானாக மாறிவிடும் என்று காத்திருந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

3. எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

எண் வந்துவிட்டது. பத்திரமாகப் பெட்டியில் வைப்பதற்கு முன் அதைத் துண்டு துண்டாகப் படியுங்கள். ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்:

2 88 07 99 223 000

முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அடுத்த இரண்டு பிறந்த ஆண்டின் கடைசி இலக்கங்கள், இங்கே 1988. அடுத்த இரண்டு மாதம், இங்கே ஜூலை. 99 என்றால் பிரான்சுக்கு வெளியே பிறந்தவர். 223 இந்தியாவின் குறி. இலங்கைக்கு 235, மொரீஷியஸுக்கு 390. கடைசி மூன்று இலக்கம், அந்த மாதத்தில் அந்த இடத்தில் பிறந்தவர்களுள் உங்கள் வரிசை எண். அது 001 முதல் 999 வரைதான் போகும். 000 யாருக்கும் கிடையாது என்பதால்தான் மேலே அதைப் போட்டேன். உயிரோடு இருக்கும் யாருடைய எண்ணையும் எடுத்துக்காட்டாக எழுதக் கூடாது.

இங்கே பிறக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு 99 வராது. சென் ஆந்த்ரேயில் பிறந்தால் 97 409, சென் தெனியில் பிறந்தால் 97 411, சென் பியேரில் பிறந்தால் 97 416. குடும்பம் சென் ஆந்த்ரேயில் இருந்தாலும் பிரசவம் சென் தெனியில் நடந்தால் 411தான் வரும். என் மாமியாருக்கு 409. அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, வீட்டில் பேசுவது தீவின் மொழியான கிரேயோல். ஆனால் தைப்பூசக் காவடிப் பாட்டை எப்படி ஒப்பிப்பாரோ அப்படியே தன் பதினைந்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். மருந்துக்கடைப் பெண் தட்டச்சு செய்வதற்குள் இவர் முடித்துவிடுவார்.

மாத இடத்தில் 12க்கு மேல் ஒரு எண் இருந்தால் உடனே பதறாதீர்கள். பிறந்த மாதம் சான்றிதழில் இல்லாதவர்களுக்கு 20 போன்ற எண்கள் தரப்படுவதுண்டு. உங்கள் சான்றிதழில் மாதம் தெளிவாக இருந்தும் அப்படி வந்திருந்தால் மட்டும் கேளுங்கள்.

4. சாவியைக் கணக்கிடுங்கள்

விதி ஒரே வரிதான். 13 இலக்கத்தையும் ஒரே முழு எண்ணாகப் பாவித்து 97ஆல் வகுத்து, வரும் மீதியை 97இலிருந்து கழித்தால் சாவி கிடைக்கும்.

இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் கோடிக்கு மேல் உள்ள ஒரு எண்ணை எப்படிக் கையால் வகுப்பது என்று கேட்பீர்கள். நீள்வகுத்தல் வேண்டியதே இல்லை. 100 என்பது 97உடன் 3. எனவே 100ஐ 97ஆல் வகுத்தால் மீதி 3. இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு முழு எண்ணையும் விழுங்கிவிடலாம். முதல் இலக்கத்தைத் தனியாக விட்டு, மற்றவற்றை இரண்டிரண்டாகப் பிரியுங்கள்:

2 | 88 | 07 | 99 | 22 | 30 | 00

கையில் இருப்பதை 3ஆல் பெருக்குங்கள், அடுத்த ஜோடியைக் கூட்டுங்கள். 97 அல்லது அதற்கு மேல் போனால் 97, 194, 291 இவற்றில் கழிக்க முடிந்த பெரியதைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

2 × 3 = 6. 6 + 88 = 94.
94 × 3 = 282. 282 + 7 = 289. 289 − 194 = 95.
95 × 3 = 285. 285 + 99 = 384. 384 − 291 = 93.
93 × 3 = 279. 279 + 22 = 301. 301 − 291 = 10.
10 × 3 = 30. 30 + 30 = 60.
60 × 3 = 180. 180 + 0 = 180. 180 − 97 = 83.

மீதி 83. 97 − 83 = 14. சாவி 14.

கழிப்பதற்கு மூன்று எண்ணே போதும் என்பதைக் கவனியுங்கள். கையில் அதிகபட்சம் 96 இருக்கலாம். அதை 3ஆல் பெருக்கி 99ஐக் கூட்டினாலும் 387தான். 97இன் நான்காவது மடங்கு 388. ஒன்றே ஒன்று குறைவதால் அதன் தேவையே வராது. முதல் தடவை இதைக் கண்டபோது அடுப்பில் இருந்த பருப்பை மறந்துவிட்டேன்.

இப்போது என் கதையை இதே கற்பனை எண்ணில் வைத்துப் பாருங்கள். 223க்குப் பதில் 232 என்று எழுதினால் ஜோடிகள் 23, 20, 00 என்று முடியும். 93 வரை எல்லாம் பழையபடியே. அதன் பிறகு 279 + 23 = 302, அதில் 291 போனால் 11. 33 + 20 = 53. 53 × 3 = 159, அதில் 97 போனால் 62. மீதி 62 என்றால் சாவி 35 இருந்திருக்க வேண்டும். பழைய சாவியோ 14. என் தாளிலும் சாவி இப்படித்தான் பொருந்தாமல் இருந்தது. பிழை இருக்கிறதென்று அந்தத் தாளே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

கையால் செய்ய அலுப்பாக இருந்தால் கடைக் கால்குலேட்டர் போதும். அதில் எட்டு இலக்கம்தான் ஏறும், எனவே எண்ணை இரண்டாக வெட்டுங்கள். முதல் ஏழு இலக்கம் 2880799. 97ஆல் வகுத்தால் 29698 புள்ளி ஏதோ வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு 29698 × 97 = 2880706 என்று பெருக்கிக் கழித்தால் மீதி 93. அந்த 93ஐ எஞ்சிய ஆறு இலக்கத்தின் முன்னால் ஒட்டுங்கள்: 93223000. மறுபடி வகுத்தால் 961061 புள்ளி ஏதோ. 961061 × 97 = 93222917. கழித்தால் 83. அதே மீதி.

கணினியை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்செலின் பழைய பதிப்புகளில் மீதி காணும் கட்டளை இவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தால் பிழை காட்டும். அதைவிட மோசமான பொறி, எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் என்பது. அதற்கு மேல் உள்ள இலக்கங்களைச் சத்தமில்லாமல் சுழியாக்கிவிடும். அடுத்து வரப்போகும் வங்கி எண்களை எக்செல் கட்டத்தில் இடுவதாக இருந்தால், முதலில் அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு இடுங்கள்.

சாவி எப்போதும் 01 முதல் 97 வரைதான் இருக்கும். மீதி சுழியானால் சாவி 97. எனவே 00, 98, 99 என்று ஒரு சாவியைப் பார்த்தால் கணக்கே வேண்டாம், அது தவறு. கோர்சிகா தீவில் பிறந்தவர்களின் எண்ணில் எழுத்து வரும். 2ஏ என்பதை 19 என்றும் 2பி என்பதை 18 என்றும் மாற்றிவிட்டுக் கணக்கிட வேண்டும். நமக்கு அது வேண்டியதில்லை, ஆனால் என் கடையில் ஒரு கோர்சிகாக்காரர் இருந்தார்.

5. ஏன் 97?

அவசரமாக இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் இது புரிந்தால்தான் சாவியை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

97 ஒரு பகா எண், இரண்டு இலக்கப் பகா எண்களில் பெரியது. எண்ணில் ஒரே ஒரு இலக்கம் தவறினால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 1 முதல் 9 வரையில் ஏதோ ஒரு இலக்கமும் அதன் பின்னே சில சுழிகளும்தான். 4000, 70000 இப்படி. 97 அவற்றை மீதியின்றி வகுக்க வழியே இல்லை. மீதி மாறும், சாவி மாறும், பிழை சிக்கும். நூற்றுக்கு நூறு.

பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9இன் ஒரு சிறு மடங்கும் சில சுழிகளும். எனக்கு நடந்ததில் 23க்கும் 32க்கும் 9 வித்தியாசம், அதன் பின்னே மூன்று சுழி: 9000. இதுவும் 97ஆல் மீதியின்றி வகுபடாது. இலக்கங்கள் தள்ளித் தள்ளி இருந்து இடம் மாறினால் 99, 999, 9999 என்று ஒன்பதுகளின் வரிசைகள் வரும். 13 இலக்கத்தில் அதிகபட்சம் பன்னிரண்டு ஒன்பது. 97ஆல் மீதியின்றி வகுபடும் முதல் ஒன்பது வரிசைக்கு எத்தனை ஒன்பது வேண்டும் தெரியுமா? 96. ஒன்றை 97ஆல் வகுத்தால் வரும் தசமம் 96 இலக்கத்துக்கு ஒருமுறைதான் திரும்பவும் அதே வரிசைக்கு வருகிறது என்பதும் இதே செய்திதான். ஆகவே எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் சாவி பிடித்துவிடும். 97க்குப் பதில் 99ஐ வைத்திருந்தால், ஓரிலக்கம் விட்டு இடம் மாறிய எண்கள் எல்லாம் தப்பியிருக்கும்.

6. சாவி பொருந்தினாலும் ஏமாறக்கூடிய இடங்கள்

இரண்டு மூன்று பிழைகள் ஒன்றாகச் சேர்ந்தால் சாவி தற்செயலாகப் பொருந்திவிடலாம். கண்டபடி எழுதிய எண்களில் ஏறக்குறைய 97க்கு ஒன்று தப்பித்துவிடும். இது அரிது.

அரிதல்லாதது வேறு: எண் சரி, ஆள் தவறு. கணவரின் எண் மனைவியின் கோப்பில், அக்காவின் எண் தங்கையின் சீட்டில். கணவரின் எண்ணும் முறையான எண்தானே, சாவி அழகாகப் பொருந்தும். சாவி எண்ணை மட்டும்தான் காக்கும். அது யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் மூன்றாம் படியில் முதல் இலக்கம், ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். இரண்டு சோதனையும் சேர்ந்தால்தான் முழுமை.

பிள்ளைகளின் பெயர் உங்கள் அட்டையில் இருந்தாலும் அவர்களுக்குத் தனி எண் உண்டு. பள்ளிக் காப்பீட்டுப் படிவத்தில் யாருடைய எண்ணைக் கேட்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள்.

எண்ணை வாட்ஸப் குழுவில் போட்டு "இது சரியா பாருங்கள் அண்ணா" என்று கேட்காதீர்கள். உங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாடு எல்லாம் அதற்குள் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு உங்களிடம் இருக்கும்போது அண்ணா எதற்கு?

7. ரிப் தாளும் இபானும்

காப்பீட்டுப் பணம் வந்து விழ வேண்டிய வங்கி எண்ணிலும் இதே 97 உட்கார்ந்திருக்கிறது. ரிப் தாளில் வங்கிக் குறி 5, கிளைக் குறி 5, கணக்கு எண் 11, சாவி 2 என்று மொத்தம் 23 இடம். இவை எல்லாம் இலக்கங்களாக இருந்தால் முழு 23 இலக்க எண்ணும் 97ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதே ஜோடி முறைதான்: முதல் இலக்கம் தனி, பிறகு பதினொரு ஜோடி, கடைசியில் 0 வர வேண்டும். கையால் செய்தால் மூன்று நிமிடம்.

அதன் முன்னால் எஃப், ஆர் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு இலக்கமும் சேர்ந்தால் 27 இடம் கொண்ட இபான், அதாவது பன்னாட்டு வங்கிக் கணக்கு எண். பிரெஞ்சு இபானில் அந்த இரண்டு எழுத்துக்குப் பின் பெரும்பாலும் 76 என்றே வருவதைப் பார்த்து, எல்லோருக்கும் ஒரே சாவியா என்று நானும் சந்தேகப்பட்டேன். காரணம் எளிது. இபான் கணக்கில் எஃப் 15, ஆர் 27. சாவி இடத்தில் தற்காலிகமாக 00. இதை ரிப் எண்ணின் பின்னால் ஒட்டுகிறார்கள். ரிப் எண் ஏற்கெனவே 97ஆல் வகுபடுவதால் அது மீதியில் எதையும் சேர்க்காது. எஞ்சுவது 152700 மட்டும். அதை 97ஆல் வகுத்தால் மீதி 22. இபான் விதிப்படி 98இலிருந்து கழித்தால் 76.

கணக்கு எண்ணில் எழுத்து இருந்தால், அஞ்சல் வங்கிக் கணக்குகளில் இருப்பதுபோல, 76 வராமல் போகலாம். ரிப் சாவிக்கும் இபான் சாவிக்கும் எழுத்துகளின் மதிப்பு வேறு வேறு. அதைப் பிழை என்று நினைத்து வங்கிக்கு ஓடாதீர்கள், நான் ஓடினேன்.

மொரீஷியஸில் உள்ள உறவினருக்குப் பணம் அனுப்பினால் அவர்களுடைய இபான் 30 இடம் கொண்டது. 27க்கு மேல் இருக்கிறதே என்று கடைசி மூன்றை வெட்டிவிடாதீர்கள். எந்த நாட்டு இபானானாலும் முதல் நான்கு இடத்தைப் பின்னால் கொண்டுபோய், ஏ என்றால் 10, பி என்றால் 11 என்று இசட் 35 வரை மாற்றி 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இந்தியாவில் இபான் கிடையாது. அம்மாவின் கணக்குக்கு அனுப்ப, கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் ஸ்விஃப்ட் குறியும் வேண்டும். அந்தக் கணக்கு எண்ணை இந்த 97 காக்காது, எனவே முதலில் பத்து யூரோ அனுப்பி, அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பிறகு பெரிய தொகையை அனுப்புங்கள்.

8. பிழை கண்டால்

தவறு யாருடைய காகிதத்தில் இருக்கிறதோ அவர்களிடமே போங்கள். சம்பளச் சீட்டில் இருந்தால் முதலாளியிடம், துணைக் காப்பீட்டில் இருந்தால் அவர்களிடம். சான்றாக, காப்பீட்டு இணையக் கணக்கிலிருந்து உரிமைச் சான்றை இறக்கி இணையுங்கள். அது இலவசம், எண்ணும் சாவியும் அச்சில் இருக்கும். பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்ட ஒப்பத்துடன் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் கோப்பில் ஏறாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமைச் சான்றிலேயே பிறந்த மாதமோ நாடோ தவறாக இருந்தால் அது வேறு வேலை. பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் மறுபடி செக்யூவுக்கு அனுப்ப வேண்டும், அது மீண்டும் தூர் வரை போய் வரும். திருத்தம் முடிந்தால் எண்ணே மாறும், சாவியும் மாறும். புது எண் வந்த அன்றே பழையதைக் கொடுத்த இடங்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தெரிவியுங்கள்: முதலாளி, துணைக் காப்பீடு, குடும்ப நிதி அலுவலகம், வரி அலுவலகம், வீட்டு மருத்துவர். அட்டையை மருந்துக்கடையில் உள்ள இயந்திரத்தில் வருடம் ஒருமுறை செருகிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு நடந்ததில், உரிமைச் சான்றின் நகலோடு 223இன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, சாவிக் கணக்கின் ஆறு வரியையும் அதே தாளில் எழுதி அனுப்பினேன். மூன்றாவது வாரம் பணம் வந்துவிட்டது. அந்தக் கடையின் கணக்கர் இப்போதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களின் படிவத்தை வாங்கியதும் கால்குலேட்டரை எடுக்கிறாராம்.